வைரல் லோடு நன்றாக இருக்கிறது, சரி. கர்ப்பப்பை வாயைப் பார்த்தாயிற்றா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பெயர், ஊர் போட வேண்டாம். எனக்கு 38 வயது, விசைத்தறியில் வேலை. வீட்டுக்காரர் மூலமாக எனக்கு எச்.ஐ.வி. வந்தது. அவர் இறந்து 9 வருடம் ஆகிறது. நான் 11 வருடமாக ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன், விட்டதே இல்லை. போன முறை வைரல் லோடு (இரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை) பார்த்ததில் வைரஸ் தெரியவில்லை என்று வந்தது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் கவுன்சிலர் மேடம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார். கொஞ்சம் வெள்ளைப்படுதல் உண்டு, வேறு தொந்தரவு இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு யாரோடும் தொடர்பு இல்லாத எனக்கு இது எதற்கு? எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்கிறார்கள். ஆனால் அங்கே இருக்கும் நர்ஸ் எங்கள் தெருப் பெண். விஷயம் வெளியே போய்விடும். எனக்குப் பயன்படுத்திய கருவியால் இன்னொருத்திக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. போன வருடம் வெள்ளைப்படுதலுக்காக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். எச்.ஐ.வி. என்று சொன்னதும் படுக்கவைத்துப் பார்க்கவே இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, "நிற்கவில்லை என்றால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், ஆனால் இங்கே முடியாது" என்றார்கள். எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது அல்லவா? அப்புறம், எனக்கு 13 வயதில் மகள் இருக்கிறாள். அவளுக்கு நோய் இல்லை. தடுப்பூசி என்கிறார்களே, போடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கவுன்சிலர் சொன்னது சரி. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும் அன்றே இந்தப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு வாருங்கள். கர்ப்பப்பையை எடுக்கும் பேச்சை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் வைரல் லோடு. உங்கள் சீட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்' என்று இருந்திருக்கும். 11 வருடம் ஒரு நாளும் விடாமல் மாத்திரை சாப்பிட்டதற்குக் கிடைத்த பலன் அது. ஆனால் அந்தச் சீட்டு பேசுவது எச்.ஐ.வி.யைப் பற்றி மட்டும்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது வேறொரு வைரஸ், எச்.பி.வி. என்று பெயர். அதில் பல வகைகள் உண்டு. 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள்தான் இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். நீங்கள் தினமும் விழுங்கும் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் எதுவும் எச்.பி.வி.யைத் தொடாது. அதை விரட்ட வேண்டியது உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான்.

எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும் பெண்ணுக்கு எச்.பி.வி. தொற்றினால் பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் தானாகவே அடங்கிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அப்படிச் சுலபமாக அடங்காது. குறிப்பாக, மாத்திரை தொடங்குவதற்கு முன்பு சி.டி.4 (எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை) இறங்கிக் கிடந்த நாட்களில் அது கர்ப்பப்பை வாயின் செல்களுக்குள் நன்றாக ஊன்றிக்கொண்டுவிடும். பிறகு மாத்திரையால் சி.டி.4 ஏறினாலும் பழைய கணக்கு முழுவதும் தீர்வதில்லை. மற்றப் பெண்களைவிட எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகமும் அதிகம். மற்றவர்களுக்குத் தொற்று புற்றாக மாற 15 முதல் 20 வருடம் பிடிக்கும் என்றால், எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை இல்லாமல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே வந்துவிடலாம். நீங்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதால் இந்த ஆபத்து குறைகிறது. ஆனால் இல்லாமல் போய்விடுவதில்லை.

"யாரோடும் தொடர்பு இல்லாத எனக்கு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எச்.பி.வி. என்பது திருமணமான எந்தப் பெண்ணுக்கும், ஒரே கணவனோடு வாழ்ந்த பெண்ணுக்கும், வரக்கூடிய மிகச் சாதாரணமான தொற்று. தாம்பத்தியம் இருந்த காலத்தில் வந்து, எந்த அடையாளமும் காட்டாமல் 10, 15 வருடம் உள்ளேயே இருக்கும். கணவர் போய் 9 வருடம் ஆகிவிட்டது என்பதால் அதுவும் போய்விட்டது என்று ஆகாது. பரிசோதனைக்குப் போவதால் உங்கள் நடத்தையைப் பற்றி யாரும் எதுவும் நினைக்க இடமில்லை. நினைத்தால் அது அவர்களுடைய அறியாமை.

இன்னொரு விஷயம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், சென்னையில்தான். அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். அதற்கு முன்பு நம்மிடம் வந்த பெண்களில் பலர் காசநோயிலும் நிமோனியாவிலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். புற்று வளர்வதற்குத் தேவையான காலம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இப்போது நீங்கள் 60, 70 வயது வரை நன்றாக இருக்கப்போகிறீர்கள். அதனால்தான் இந்தப் பரிசோதனையை இவ்வளவு வற்புறுத்துகிறோம். மாத்திரையால் காப்பாற்றிய உயிரைத் தடுக்கக்கூடிய ஒரு புற்றுநோயிடம் விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. 2022-இல் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது. இறந்தவர்கள் 80,000 பேருக்குச் சற்றுக் குறைவு.

தொந்தரவு எதுவும் இல்லையே என்கிறீர்கள். தொந்தரவு வரும் வரை காத்திருந்தால் அது பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிச் சிகிச்சைக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் படுவது, மாதவிடாய் நின்ற பிறகு படுவது, உறவுக்குப் பின் படுவது, துர்நாற்றத்தோடு நீராகப் போவது எல்லாம் பெரும்பாலும் தாமதமாக வருகிற அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் முகாம், தேதி என்று பார்க்காமல் நேராக மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும். நாம் பிடிக்க நினைப்பது அதற்கு முந்தைய கட்டத்தை. செல்கள் மாறத் தொடங்கியிருக்கும், ஆனால் இன்னும் புற்றாகியிருக்காது. தறியில் ஓர் இழை அறுந்ததை உடனே பார்த்துவிட்டால் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடுவீர்கள், கவனிக்காமல் விட்டால் துணியே வீணாகும், அது மாதிரிதான்.

உங்களுக்கு இருக்கும் வெள்ளைப்படுதல் பெரும்பாலும் பூஞ்சை அல்லது பாக்டீரியா தொற்றாகத்தான் இருக்கும். அரிப்போடு தயிர்த் திப்பி மாதிரி வந்தால் ஒரு மருந்து, சாம்பல் நிறமாக மீன்வாடையோடு வந்தால் வேறு மருந்து. பார்க்காமல் எழுதிக் கொடுத்த மாத்திரை உங்களுக்குக் கேட்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அதையும் அன்றைக்கே சொல்லிக் கேளுங்கள். தொற்று அதிகமாக இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். மறுபடி போய்விடுங்கள். அந்த இரண்டு வார இடைவெளியில்தான் பலர் வராமல் நின்றுவிடுகிறார்கள்.

சரி, பரிசோதனை அறையில் என்ன நடக்கும்? தெரிந்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும்.

மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய இரண்டு நாட்கள் பிறப்புறுப்புக்குள் மருந்தோ மாத்திரையோ வைக்க வேண்டாம், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போங்கள். அறைக்குள் போவதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். புடவையை அவிழ்க்க வேண்டியதில்லை, தூக்கிவிட்டுக்கொண்டால் போதும். மேலே ஒரு துணி போர்த்துவார்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக் கால்களை அகட்ட வேண்டும். இரண்டு தகடுகள் கொண்ட ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து மெதுவாக விரிப்பார்கள். உலோகமாக இருந்தால் சில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் வயிற்றை இறுக்காமல் வாயைத் திறந்து மூச்சு விடுங்கள், இறுக்கினால்தான் வலிக்கும். விளக்கைச் சாய்த்து கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். பஞ்சில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை நனைத்து அங்கே ஒற்றுவார்கள். வினிகரில் இருப்பதும் இந்த அமிலம்தான். லேசாக எரியலாம். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு சில இடங்களில் லுகால் அயோடினையும் தடவுவார்கள். நல்ல தோல் கரும்பழுப்பாகச் சாயம் ஏறும், மாறிய இடம் கடுகு மஞ்சளாக நிற்கும். அவ்வளவுதான், ஐந்து, பத்து நிமிட வேலை. அந்த அயோடின் அன்று முழுவதும் உள்ளாடையில் பழுப்பாகக் கசியும், கறை சுலபத்தில் போகாது. வீட்டில் இருந்தே ஒரு பேடு எடுத்துப் போங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, வீட்டுக்குப் போன பிறகு இரத்தம் என்று நினைத்துப் பயந்து ஓடி வருகிறார்கள்.

பாப் ஸ்மியர் என்றால் சின்ன பிரஷ்ஷால் செல்களை வழித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு அன்றைக்கே வராது. மூன்றாவது வகை எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் முதல் தேர்வாகச் சொன்னது இதைத்தான், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கும் சேர்த்து. மற்ற இரண்டையும்விட இது தவறவிடுவது குறைவு. பஞ்சுக் குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கவும் முடியும். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நல்லது. இல்லை என்றால் அதற்காகக் காத்திருக்காமல் அமிலப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

அமிலப் பரிசோதனையை ஏதோ ஏழைகளுக்கான இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். அதன் மதிப்பு உலகத்துக்குத் தெரிந்ததில் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கையில் இருக்கும் ஒரு கிறிஸ்தவ சுகாதார மையமும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து 2000-இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே, ஒரே ஒரு முறை, இந்தச் சோதனையைச் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. (ஒப்பிடுவதற்காக மற்ற ஊர்ப் பெண்களைப் பரிசோதிக்காமல் விட்டது நியாயமா என்ற விவாதமும் பின்னால் எழுந்தது, எழ வேண்டிய விவாதம்தான்.) அந்த ஆய்வு பொதுவான பெண்களிடம் நடந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒரு முறை போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

எத்தனை முறை? இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ஊர் முகாமில் பொதுவாக 30 வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் அழைப்பார்கள், சில வருடம் கழித்து வந்தால் போதும் என்று அனுப்பியும் விடுவார்கள். அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் 25 வயதிலிருந்தே தொடங்க வேண்டும். எச்.பி.வி. பரிசோதனை என்றால் 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை, அமிலமோ பாப் ஸ்மியரோ என்றால் 3 வருடத்துக்கு ஒரு முறை. உங்கள் ஏ.ஆர்.டி. மையம் வருடா வருடம் வரச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு மாற்றம் வரும் பகுதி உள்பக்கமாக ஏறிவிடும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அப்போது அமிலப் பரிசோதனையை நம்ப முடியாது, வேறு வகைக்கு மாற வேண்டும். மாத்திரை வரிசையில் உங்களோடு நிற்கும் 26, 27 வயதுப் பெண்களிடமும் இதைச் சொல்லுங்கள். அவர்களை எந்த முகாமும் கூப்பிடாது.

இப்போது தெரு நர்ஸ் விஷயம். பரிசோதனை செய்துகொள்ள எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் சொல்லாமல் செய்தால் உங்களுக்குப் பொதுவான தேதியைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். சரியான தேதியை நீங்களே நினைவில் வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். திட்டு ஏதாவது தெரிந்து சிகிச்சை என்று வந்தால், சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்வது உங்களுக்குத்தான் நல்லது. பின்தொடர்ந்து பார்க்கும் முறை உங்களுக்கு வேறு. அதனால் என் யோசனை, உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தை விட்டுவிடுங்கள். ஏ.ஆர்.டி. மையம் இருக்கும் அதே வளாகத்தில் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கும். கவுன்சிலரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே அங்கே போய்விடுங்கள், பிறகு மாத்திரை வாங்குங்கள். மாத்திரையை முதலில் வாங்கினால் பஸ்ஸைப் பார்த்து மனசு ஓடிவிடும். கவுன்சிலரே கூட வருவாரா என்று கேளுங்கள், பல இடங்களில் வருவார்கள். வெளியில் யார் பார்த்தாலும் நீங்கள் மகளிர் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

உண்மையில் உங்களை இப்படி அலையவிடக் கூடாது. ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டின் லுசாகாவில் 2006 முதலே எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்குப் பக்கத்து அறையிலேயே நர்ஸ்கள் இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். கர்ப்பப்பை வாயைக் கேமராவில் படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கே காட்டினார்கள், சிகிச்சை தேவைப்பட்டால் பெரும்பாலும் அன்றைக்கே கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஒரு திரை, பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ். நம் ஊரில் எல்லா ஏ.ஆர்.டி. மையத்திலும் இதை வைக்கலாம், வைக்க வேண்டும்.

"எனக்குப் பயன்படுத்திய கருவியால் இன்னொருத்திக்கு வந்துவிடுமோ" என்று கவலைப்படுகிறீர்கள். வேண்டாம். ஸ்பெகுலத்தை ஒவ்வொரு பெண்ணுக்குப் பிறகும் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கருவியில் வைத்து எடுத்தால் எச்.ஐ.வி. நிற்காது. பல இடங்களில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கருவியே வந்துவிட்டது. யாருக்கு என்ன தொற்று இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வருகிற எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு முறை என்பதுதான் விதி. அது அறை நடத்துகிறவர்களின் பொறுப்பு, நீங்கள் சுமக்க வேண்டியது இல்லை.

அந்தத் தனியார் கிளினிக்கில் நடந்தது தவறு மட்டும் அல்ல, சட்ட விரோதமும்கூட. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கக் கூடாது. உங்கள் சம்மதம் இல்லாமல் விஷயத்தை வெளியே சொல்லவும் கூடாது. கேஸ் ஷீட்டின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிதாக எழுதி வைப்பது, கட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாமே தவறு. புகார் கொடுக்க நினைத்தால் கவுன்சிலரிடம் சொல்லலாம், 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. புகார் கொடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றி. நம் ஊரில் இது ஒரு வியாதி மாதிரியே பரவியிருக்கிறது. வெள்ளைப்படுகிறதா, எடுத்துவிடு. குழந்தை பெற்றாயிற்றா, எடுத்துவிடு. வெள்ளைப்படுதலுக்கு அது சிகிச்சையே இல்லை. கர்ப்பப்பை வாயைப் பார்க்காமல் எடுப்பது ஆபத்தும்கூட. உள்ளே ஒளிந்திருக்கும் புற்று இருந்தால், சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை அதற்குப் போதாது. அரைகுறையாக எடுத்த பிறகு சரியான சிகிச்சை கொடுப்பது இன்னும் சிக்கலாகும். சில அறுவைகளில் மேல்பகுதியை மட்டும் எடுத்து வாயை விட்டுவிடுவார்கள், அப்போது ஆபத்து அப்படியே இருக்கும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் 38 வயதிலேயே மாதவிடாய் முடிவுக்கு வந்து எலும்பு தேயத் தொடங்கும். நீங்கள் சாப்பிடும் டெனோபோவிருக்கும் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும் குணம் உண்டு, இரண்டும் சேர்ந்தால் உங்களுக்கு நல்லதில்லை.

பரிசோதனையில் திட்டு தெரிந்தால் என்ன? பாசிட்டிவ் என்று சீட்டில் எழுதியிருந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்களில் பலருக்கு எச்.பி.வி. இருக்கும், அதனால் அது பாசிட்டிவ் என்றதும் நேராகச் சிகிச்சைக்குப் போகாமல் இரண்டாவதாக ஒரு பரிசோதனை வைப்பதுதான் முறை. கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கியில் பார்த்து, சந்தேகமான இடத்தில் அரிசியளவு சதை எடுத்து அனுப்புவார்கள். முன்நிலை மாற்றம் என்று உறுதியானால் அந்த இடத்தை மட்டும் சூடான முனையால் சில நொடி தொட்டுக் கருக்கிவிடலாம், அல்லது உறைய வைக்கலாம். மாற்றம் உள்வரை போயிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரக் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வழித்தெடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம், கர்ப்பப்பை அப்படியே இருக்கும். சில வாரம் நீராகக் கசியும், அது ஆறுவதற்கான அடையாளம். காய்ச்சல், அதிக இரத்தப்போக்கு, துர்நாற்றம் இருந்தால் மட்டும் உடனே போக வேண்டும். சிகிச்சை முடிந்து 12 மாதத்தில் ஒரு பரிசோதனை, அது சரியாக இருந்தால் அடுத்த 12 மாதத்தில் இன்னொன்று. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாற்றம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த இரண்டையும் தவறவிடக் கூடாது.

ஒருவேளை புற்றே இருந்தாலும், ஏ.ஆர்.டி.யில் நன்றாக இருக்கும் பெண்ணுக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அறுவையோ கதிர்வீச்சோ உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவும் அடங்கும். பரிசோதனைக்காக வேலையில் ஒரு நாள் விடுப்பு போதும், மறுநாள் தறிக்குப் போகலாம்.

கடைசியாக மகள். கட்டாயம் போடுங்கள். எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள் போட்டால்தான் முழுப் பலன், அவளுக்கு இதுதான் வயது. எச்.ஐ.வி. இல்லாத பெண் என்பதால் அவளுக்கு ஒன்று அல்லது இரண்டு ஊசி போதும். எச்.ஐ.வி. உள்ள சிறுமி என்றால் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று போட வேண்டும். சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் என்ற உள்நாட்டுத் தடுப்பூசி வந்த பிறகு விலையும் இறங்கியிருக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் மாவட்டத்தில் எப்போது, எங்கே என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், அவரிடம் உங்கள் விஷயம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு இந்த ஊசி இப்போது பெரிதாக உதவாது, ஏற்கெனவே உள்ள தொற்றை அது போக்காது. மகளைச் சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். ஊசி போட்டதும் சில பிள்ளைகளுக்குத் தலை சுற்றும், அதனால் 15 நிமிடம் அங்கேயே உட்கார வைப்பார்கள். கை இரண்டு நாள் வலிக்கும். பெரியவளான பிறகு, ஊசி போட்டிருந்தாலும், 30 வயதில் அவளும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஊசி போட்ட சீட்டைப் பிறப்புச் சான்றிதழோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.